காக்கும் கல்லீரல் காயமுறுவது எவ்வாறு?

நம் இல்லங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் எழும் சொல் "காமாலை" என்பது. அடுத்து எழும் சொல் "கீழாநெல்லி" என்பது. பிறகு உப்பும் எண்ணெயும் நிறுத்தப்பட்டு மோர்ச்சோறு தொடங்கும். இவ்வளவும் நடந்த பின்னரும் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது: இந்த மஞ்சள் நிறம் எதனால் வந்தது?

அக்கேள்வியைக் கேட்கத் தவறியவர்களுள் நானும் ஒருவன். ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் காசநோய்க்கு ஆளானார். ஆறு திங்கள் இடைவிடாது மாத்திரை உண்ண வேண்டும் என மருத்துவர் பணித்திருந்தார். பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் நோயில் விழுந்தவர்கள் பலரைக் கண்டவன் நான். ஆதலின் அவரைக் காணும்போதெல்லாம், "தம்பி, ஒரு நாளும் விடாதே" என்று வற்புறுத்தி வந்தேன். ஆறாவது வாரத்தில் அவருடைய தாயார் என்னிடம் வந்து, "சாமி, பிள்ளைக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, மாத்திரை போட்டால் வாந்தி எடுக்கிறான்" என்றார். "மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும், அம்மா, விடாமல் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவர் கண்கள் மஞ்சளித்தன. உறவினர் மூலிகைச் சாறு கொடுத்தார்கள். சாறும் உள்ளே போயிற்று. மாத்திரையும் உள்ளே போயிற்று. பத்து நாட்கள் இவ்வாறே கழிந்தன.

மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. அங்கிருந்த மருத்துவர் வேறொன்றும் வினவுமுன், "தம்பி, நீ என்னென்ன சாப்பிடுகிறாய்? எல்லாவற்றையும் சொல்" என்றார். மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டதும் அவற்றை அப்பொழுதே நிறுத்தச் செய்தார். இரத்தத்தைச் சோதித்ததில் வைரஸ் கிருமி எதுவும் காணப்படவில்லை. காசநோயைக் குணப்படுத்த வந்த மருந்தே அவ்விளைஞரின் கல்லீரலை அழற்சியுறச் செய்திருந்தது.

மஞ்சள் நிறம் ஓர் அறிகுறி

மஞ்சட்காமாலை என்பது தனியொரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். நம் குருதியிலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மடிகின்றன. அவை சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அதனை வாங்கி, நீரில் கரையத்தக்கதாக மாற்றி, பித்தநீருடன் வெளியேற்றுவது கல்லீரலின் கடமை. கல்லீரல் சோர்ந்தால் அப்பொருள் குருதியில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தோன்றுகிறது.

கல்லீரலைச் சோர்வுறச் செய்யும் வைரஸ்களுள் முதன்மையானவை ஐந்து. ஏ, பி, சி, டி, ஈ என எழுத்துகளால் அவற்றைக் குறிப்பர். இவற்றைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம்; நீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுகிறோம். ஆயின் கிருமி எதுவுமின்றியே கல்லீரல் அழற்சியுறுவதும் உண்டு. மருந்து, மது, கொழுப்பு, சில மூலிகைகள், உடலின் சொந்தத் தற்காப்புப் படை ஆகிய இவை யாவும் அதற்குக் காரணமாகலாம். இவற்றுள் பல நம் இல்லத்தின் அலமாரியிலும் அடுக்களையிலுமே இருக்கின்றன.

வாயிற்காவலனின் பணி

வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ளது. அதனுள் பாயும் குருதியில் முக்காற்பங்கு குடலிலிருந்து நேரே வருகிறது. நாம் உண்பதும் குடிப்பதும் உடலெங்கும் பரவுமுன் இந்த வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். வாயிற்காவலன் வருவோரைச் சோதிப்பதுபோலக் கல்லீரல் ஒவ்வொரு பொருளையும் சோதித்து, ஏற்றதைச் சேமிக்கிறது. வேண்டாததை மாற்றி வெளியே அனுப்புகிறது.

இம்மாற்றம் பெரும்பாலும் இரு படிகளில் நிகழ்கிறது. சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் முதற்படியில் அயற்பொருளின்மீது பிராணவாயுவைச் சேர்த்து அதனைத் திறந்துவிடுகிறது. திறந்த அவ்விடத்தில், நீரில் கரையும் வேறொரு பொருளை இரண்டாம் படியில் பிணைத்துச் சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ கல்லீரல் கழித்துவிடுகிறது. முதற்படி முடிந்து இரண்டாம் படி தொடங்குமுன் உள்ள சிறு இடைவெளியிலேதான் ஆபத்து உறைகிறது. ஏனெனில், திறந்துவிடப்பட்ட பொருள் சில வேளைகளில் முன்னிருந்ததைவிடக் கொடிய நஞ்சாகிவிடுகிறது. நம்மைக் காக்கும் செயலிலேயே கல்லீரல் காயமுறுகிறது.

பாராசிட்டமால் கற்பித்த பாடம்

இந்த உண்மையை மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் கற்பித்தது நாம் அனைவரும் அறிந்த பாராசிட்டமால் மாத்திரை. அளவோடு உண்டால் அது நல்ல மருந்து. காய்ச்சலுக்கும் வலிக்கும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆயின் அளவுக்கு மீறி உண்டோர் கல்லீரல் அழிந்து உயிர் நீத்ததை 1966-ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதை 1973-இல் அமெரிக்க நாட்டின் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த அறிவியலார் விளக்கினார்கள்.

உண்ணும் பாராசிட்டமாலில் பெரும்பங்கு நேரே இரண்டாம் படிக்குச் சென்று தீங்கின்றிக் கழிந்துவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் முதற்படியில் சிக்கி, "நாப்கி" எனச் சுருக்கமாக வழங்கப்படும் நஞ்சாக மாறுகிறது. அந்நஞ்சை உடனே பிடித்து அடக்குவதற்குக் கல்லீரலில் ஒரு காவற்பொருள் உண்டு. அதன் பெயர் குளுட்டாதயோன். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்னும் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது அது. சரியான அளவில் மருந்துண்பவருக்கு இக்காவற்பொருள் போதிய அளவு இருப்பதால் யாதொரு கேடும் விளைவதில்லை.

அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. அடக்குவாரற்ற நஞ்சு உயிரணுவின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் பழுதடைந்து உயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவற்றிலிருந்து சிந்தும் பொருள்கள் அபாய மணிபோல் ஒலிக்க, கல்லீரலில் நிலையாகத் தங்கியிருக்கும் குப்ஃபர் உயிரணுக்களும் வெள்ளணுக்களும் விரைந்து வந்து கூடுகின்றன. இதுவே அழற்சி. கிருமி ஒன்றுமில்லாமலே போர்க்களம் உருவாகிவிடுகிறது!

இதில் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதல் நாள் குமட்டல் தவிர வேறொன்றும் தோன்றாது. சிலருக்கு அதுவும் இராது. இரண்டாம் நாள் நலமாகிவிட்டது போலவே இருக்கும். கல்லீரலின் சிதைவு அதன் பின்னரே வெளிப்படும். ஆதலின் ஒருவர் அளவு மீறி உண்டார் எனத் தெரிந்தால், நலமாக இருக்கிறாரே என்று காத்திராமல் அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குளுட்டாதயோன் உண்டாகத் தேவையான சிஸ்டீனை வழங்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்றுமருந்து 1970-களில் எடின்பரோ மருத்துவர்களின் ஆய்வால் நிலைபெற்றது. எட்டு மணி நேரத்திற்குள் அதனைப் பெறுவோர் ஏறக்குறைய அனைவரும் கல்லீரல் சிதைவினின்று தப்பிவிடுகின்றனர்.

அறியாமையாலும் அளவு மீறுவதுண்டு. காய்ச்சலுக்கென ஒரு மாத்திரை, சளிக்கென ஒன்று, உடல்வலிக்கென மற்றொன்று எனக் கடையில் வாங்குகிறோம். மூன்றின் அட்டையிலும் மூன்று பெயர்கள். மூன்றிலும் இருப்பது பாராசிட்டமாலே! நலமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் ஆகாது என்பது பொதுவான வரம்பு. பல நாள் உணவின்றிக் கிடப்பவர்க்கும், மெலிந்தவர்க்கும், நாள்தோறும் மது அருந்துபவர்க்கும் குளுட்டாதயோன் குறைந்திருக்குமாதலால் வரம்பு அதனினும் குறைவு. குழந்தைகளுக்கோ எடைக்கேற்ப மருத்துவர் குறித்த அளவே அளவு.

இளைஞருக்கு நேர்ந்தது என்ன?

மேற்கூறிய இளைஞரின் நிலைக்கு இனி வருவோம். காசநோய்க்குத் தொடக்கத்தில் தரும் நான்கு மருந்துகளுள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. நான்காவதான எதம்பியூட்டால் அவ்வாறு தாக்குவது மிக அரிது.

1952-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டுவரும் ஐசோனியசிட்டை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் அதன்மீது அசிட்டைல் என்னும் ஒரு துணுக்கைப் பிணைத்து அதனை அடக்குகிறது. இப்பணியைச் செய்யும் நொதி சிலருக்கு விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்கும்; பெற்றோரிடமிருந்து வரும் பிறவிக்கூறு அது. நம் நாட்டில் மெதுவாக இயங்குவோரே பாதிக்கு மேற்பட்டவர். அத்தகையோர் உடலில், மருந்து சிதையும்போது எழும் ஹைட்ரசீன் முதலிய பொருள்கள் நெடுநேரம் தங்கி, முதற்படி நொதிகளிடம் சிக்கித் தீய துணுக்குகளாக மாறுகின்றன. அவை கல்லீரலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கின்றன. சிலரிடத்தில் உடலின் தற்காப்புப் படை அவ்வாறு மாறிய புரதங்களை அந்நியர் எனக் கருதித் தாக்குகிறது. ரிஃபாம்பிசினோ கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, இச்சிதைவை மேலும் விரைவாக்குகிறது. எனவே சரியான அளவில் உண்டபோதும் சிலர்க்கு இத்துன்பம் நேர்கிறது.

வாசகர் இதனைக் கண்டு மருந்தை வெறுத்தல் தகாது. மிகப் பெரும்பாலோர் இம்மாத்திரைகளை உண்டு யாதொரு கேடுமின்றி நலம் பெறுகின்றனர். மருந்துண்ணாத காசநோயே கொடியது. ஆயினும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளியை மருத்துவமனையில் கிடத்தாமல் வீட்டிலிருந்தே மருந்துண்ணச் செய்தாலும் நோய் குணமாகும் என அந்நிலையம் 1959-இல் காட்டியது. உலகமே அவ்வழியைப் பின்பற்றியது. வீடே மருத்துவமனையான பின், நோயாளியைக் கவனித்துக் கண்காணிக்கும் கடமையும் வீட்டாருடையதே அன்றோ! பசியின்மை, குமட்டல், வாந்தி, காரணமற்ற களைப்பு, வலது விலாவின் கீழ் வலி, தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகிய இவை கண் மஞ்சளிக்குமுன்னரே தோன்றும் எச்சரிக்கைகள். அந்தத் தாயார் என்னிடம் சொன்னது இந்த எச்சரிக்கையையே. அதன் பொருளை நான் அறிந்திருக்கவில்லை.

மது செல்லும் பாதை

மதுவின் கேட்டைப் பற்றி அறவுரைகள் பல கேட்டிருக்கிறோம். வேதியியல் கூறுவதையும் சற்றுக் கேட்போம்.

குடித்த சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாகவும், பின்னர்த் தீங்கற்ற அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இவ்வேலை நடக்கும்போது உயிரணுவின் ஆற்றற்கணக்கு தலைகீழாகி, கொழுப்பை எரிக்க வேண்டிய கல்லீரல் அதனைச் சேர்த்து வைக்கத் தொடங்குகிறது. நாள்தோறும் குடிப்பவரிடத்தில் பி-450 குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நொதியும் பெருகி வேலையில் இறங்குகிறது. அதன் வேலையில் தீப்பொறிகள் போலப் பிராணவாயுவின் கொடிய துணுக்குகள் தெறிக்கின்றன. பாராசிட்டமாலை நஞ்சாக்குவதும் இதே நொதியே. குடித்தவர் மறுநாள் தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை விழுங்குவது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

மேலும், மது குடலின் சுவரைத் தளர்த்துகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் கசிந்து கல்லீரலை அடைகிறது. குப்ஃபர் உயிரணுக்கள் அதனைக் கண்டு சினமுற்று, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சொரிகின்றன. போர் ஓயாது நடக்கையில், புண்ணை ஆற்ற முனையும் வேறு சில உயிரணுக்கள் நார்ப்பொருளைப் பின்னிக்கொண்டே போகின்றன. மென்மையான கல்லீரல் தழும்புகளால் நிறைந்து இறுகுகிறது. இதுவே ஈரல் சுருக்கம். தொடக்கத்தில் குடியை விட்டால் கொழுப்புப் படிவு சில வாரங்களிலேயே குறைந்துவிடும். இறுகிய பின்னரோ மீட்சி அரிது.

குடியாதவர்க்கும் உண்டு

"நான் மதுவைத் தொட்டதே இல்லை, எனக்கு ஏன் கல்லீரலில் கொழுப்பு?" என்று கேட்கும் இல்லத்தரசிகள் இன்று பலர். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும், மது அருந்தாத 20 நோயாளிகளின் கல்லீரலில் குடிகாரரின் கல்லீரலில் காண்பது போன்ற அழற்சியைக் கண்டு அதற்குப் பெயரிட்டார்கள். உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் அது மிகுதி. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காதபோது கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குள் வெள்ளமெனப் பாய்கின்றன. எரித்து முடிக்க இயலாமல் மைட்டோகாண்டிரியாக்கள் திணறுகின்றன, அங்கும் தீப்பொறிகள், அங்கும் அழற்சி. வளர்சிதை மாற்றக் கோளாற்றால் வரும் நோய் என்பதை உணர்த்த 2023-இல் இதற்குப் புதுப்பெயர் சூட்டினர். உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கைப் படிப்படியாகக் குறைத்தால் இவ்வழற்சி தணிகிறது. நடையும் அளவான உணவுமே இங்கு மருத்துவத்தின் அடிப்படை.

மூலிகையும் பிறவும்

பச்சிலை என்றால் பழுதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. செடியிலுள்ள பொருளும் அதே வாயிலைக் கடந்துதான் செல்ல வேண்டும். 2021-இல் மும்பை மருத்துவர்கள், எதிர்ப்பாற்றலுக்கெனச் சீந்தில் உண்ட சிலரிடம் கல்லீரல் அழற்சி கண்டதாக வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. கீழாநெல்லியைப் பொறுத்தவரை, 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் நம்பிக்கையூட்டும் முடிவொன்றைக் கண்டனர். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அந்நம்பிக்கையும் பி வைரஸைப் பற்றியதே. மாத்திரையாலோ மதுவாலோ வந்த அழற்சிக்கு அதனை நம்பிக் காலத்தைப் போக்குவது எவ்வாறு பொருந்தும்?

இன்னும் இரு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்பேன். சிலரிடம், பெரிதும் பெண்களிடம், உடலின் தற்காப்புப் படையே தன் கல்லீரலைப் பகையென எண்ணித் தாக்குகிறது. அப்படையை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தால் பெரும்பாலோர் நலமடைகின்றனர். வேறு சில பிள்ளைகளுக்குச் செம்பை வெளியேற்றும் மரபணு பழுதுற்றிருப்பதால், செம்பு கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. 1912-இல் இதனை விவரித்த வில்சன் என்னும் மருத்துவரின் பெயரால் இந்நோய் வழங்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலே இது தோன்றுமாதலின், நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் மக்களிடம் இது வர வாய்ப்பு மிகுதி. இவ்விரு நோய்களும் காலத்தே கண்டறிந்தால் அடக்கத்தக்கவை. வெறும் காமாலை என்று விட்டுவிட்டால் உயிர் குடிப்பவை.

இல்லத்தார் கவனத்திற்கு

1. கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. பிலிரூபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவற்றின் அளவும், வைரஸ் உண்டா என்பதும் அதில் தெரியும். பின் இரண்டும் நொதிகள். கல்லீரல் உயிரணு சிதையும்போது குருதியில் மிகுபவை. மதுவால் வந்த அழற்சியில் முன்னது பின்னதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம்.

2. கடந்த மூன்று திங்களில் உட்கொண்ட மாத்திரை, சூரணம், சாறு, மது அனைத்தையும் மறைக்காது மருத்துவரிடம் கூறுக. அட்டைகளையும் புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்க.

3. காசநோய் மருந்துண்பவர் வாந்தியெடுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றே மருந்து தந்த நிலையத்திற்குச் செல்க. மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதில் அயலார் சொல்லையும், பங்குக்குருவின் சொல்லையுங்கூடக் கேட்க வேண்டா!

4. மயக்கம், பிதற்றல், பகலில் ஓயாத உறக்கம், இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

அவ்விளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மருந்துகளை நிறுத்திய சில வாரங்களில் அவர் கண்களின் மஞ்சள் மறைந்தது. பின்னர் மருத்துவர் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்து, இடையிடையே இரத்தத்தைச் சோதித்து, கல்லீரல் தாங்காத ஒன்றை மட்டும் விலக்கினார். சிகிச்சை சில திங்கள் நீண்டது. இறுதியில் காசநோயும் தீர்ந்தது, கல்லீரலும் தேறியது. சென்ற ஆண்டு அவருக்குத் திருமணம் செய்து வைத்தேன்.

மணமேடையில் அவர் தாயார் என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு வாந்தியை அற்பமென்று தள்ளியதால் அப்பிள்ளை உயிருக்குப் போராடிய பத்து நாட்கள் என் நினைவை விட்டு இன்னும் அகலவில்லை. இன்று எவரேனும் என்னிடம் வந்து "காமாலை" என்றால், நான் மருந்து சொல்வதில்லை. "என்னென்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு, மருத்துவமனைக்கு வழி காட்டுகிறேன்.